பேசும்னு சொன்ன வண்டி

ஹலோ. ஆமாங்க, துளசிமணிதான் பேசறேன். காங்கேயம். ஆமாங்க, ரிட்டயர்டு டீச்சர், வெள்ளை வண்டி. எல்லாத்தையும் நீங்களே வெச்சுக்கிட்டு என்கிட்ட எதுக்குக் கேக்கறீங்க? சரி, ஒரு நிமிசம் இருங்க. அடுப்பை அணைச்சுட்டு வந்தர்றேன். வெச்சுறாதீங்க.

ம், சொல்லுங்க தம்பி. பெனிட்டா இல்லீங்களா? எப்பவும் பெனிட்டாதானே கூப்பிடும்.

வேற ஆளுங்களா. உங்க பேரு? இன்பராஜ். சரிங்க இன்பராஜ் தம்பி. பெனிட்டா லீவுங்களா? தெரியாதுங்கறீங்க. ஒரே ஆபீஸ்ல உக்காந்துட்டுத் தெரியாதுன்னா எப்படிங்க? பெரிய ஆபீஸா இருக்கும். சரி, பொறவு விசாரிச்சுச் சொல்லுங்க.

என்ன கம்ப்ளெய்ன்ட்டுன்னு கேக்கறீங்களா? அங்க கம்ப்யூட்டர்ல ஏறியிருக்குமே. ஏறியிருக்குது, ஆனா "குரல் வசதி இல்லை"ன்னு மட்டும் போட்டிருக்குதா? பாருங்க அநியாயத்தை. மாசக்கணக்கா நான் தொண்டைத்தண்ணி வத்தப் பேசுனதை மூணு வார்த்தைல அடைச்சுப்போட்டீங்களே. அப்ப மொதல்ல இருந்து சொல்றேன், கேட்டுக்குங்க. உங்களுக்கு அவசரம் ஒன்னும் இல்லீங்களே? எனக்கும் இல்லீங்க.

என்ற வீட்டுக்காரரு இருந்த வரைக்கும் எங்ககிட்ட ஒரு பழைய வண்டி இருந்துச்சு. அவருதான் ஓட்டுவாரு. நான் பக்கத்துல உக்காந்து, "லாரி வருது, மெதுவாப் போங்க, அக்கட்டால ஆடு நிக்குது, ஹாரன் அடிங்க"ன்னு சொல்லிட்டே வருவேன். "ஏனுங்க டீச்சர், தாராபுரம் வர்ற வரைக்குமாவது வாயை மூடிட்டு வரக்கூடாதுங்களா"ம்பாரு. கட்டுன பொண்டாட்டியை டீச்சருன்னு கூப்பிட்ட மனுசன் அவரு ஒருத்தராத்தான் இருக்கும். கேலிக்குத்தான். அவரு போனதுக்கப்புறம் அந்த வண்டியை வித்துட்டேன். அப்புறம் ஒரு வைராக்கியம், இந்த வயசுல நானே ஓட்டக் கத்துக்கிட்டேன். ட்ரைவிங் ஸ்கூல்காரன் கேக்கறான், "மேடம், நல்லாத்தான் ஓட்டறீங்க, ஆனா எதுக்குத் தனியாப் பேசிக்கிட்டே ஓட்டறீங்க"ன்னு. நான் எங்கீங்க பேசுனேன்? ரோட்டைப் பத்திச் சொன்னேன், அவ்வளவுதான்.

எங்களுக்குக் குழந்தைங்க இல்லீங்க. அதை எதுக்குச் சொல்றேன்னா, வீட்ல வேற ஆளு கெடையாதுன்னு நீங்க தெரிஞ்சுக்கோணும். அப்பத்தான் இந்தப் புகார் உங்களுக்கு வெளங்கும். வண்டில போறது நான் ஒருத்திதான். அதனால பாதுகாப்பு வேணும். இது முழுக்க முழுக்கப் பாதுகாப்பு சம்பந்தமான புகாருங்க. எழுதிக்கிட்டீங்களா?

எங்க எதுத்த வீட்ல சென்னியப்பன்னு ஒரு தம்பி, மெடிக்கல் கடை வெச்சிருக்கறான். உங்க கம்பெனில இதே மாடல் வண்டி எனக்கு முந்தியே வாங்கியிருந்தான். ஒரு நாள் கண் ஆஸ்பத்திரிக்கு என்னைத் திருப்பூர் வரைக்கும் கூட்டிட்டுப் போனான். கதவைச் சாத்துனேன். சரியாச் சாத்தலை போல இருக்குது. "இடது பக்கக் கதவு சரியாக மூடப்படவில்லை"ன்னு ஒரு பொம்பளைக் கொரலு. நான் திரும்பிப் பின்னாடி பாக்கறேன், யாருமில்ல. "அது வண்டிங்க அக்கா"ங்கறான். அப்பறம், "பெல்ட்டை அணிந்துகொள்ளுங்கள்"னுச்சு. திரும்பி வர்றப்ப, "சற்று ஓய்வெடுத்துச் செல்லுங்கள்"னுச்சு. திருத்தமான தமிழ். என்ற பள்ளிக்கூடத்துல தமிழ் டீச்சர்கூட அப்படிப் பேசுனதில்ல. எறங்கறப்ப, "உங்கள் பொருள்களை எடுத்துக்கொண்டீர்களா"ன்னு கேட்டுச்சு. பாத்தா என்ற மூக்குக்கண்ணாடி டப்பா சீட்லயே கெடக்குது. எத்தனை அக்கறை பாருங்க. "என்னப்பா இது, இப்படிப் பேசுது"ன்னேன். "தொல்லைங்க அக்கா, இதை நிறுத்தறதுக்கு வழி தேடிட்டு இருக்கறேன்"ங்கறான். குடுத்து வெக்காத பய.

அப்பவே முடிவு பண்ணிட்டேன், வாங்குனா இந்த வண்டிதான்னு.

திருப்பூர் ஷோரூம்ல குணசீலன்னு ஒருத்தன். சிரிச்ச மொகம், நல்லாப் பேசுவான். "மேடம், இந்த மாடல் இங்க நிக்கறதில்ல. வர்றதுக்கு முந்தியே போயிருது. புக் பண்ணுனாத்தான் அனுப்புவாங்க"ன்னான். பாக்காம எப்படிப்பா வாங்கறதுன்னு கேட்டேன். "உங்க எதுத்த வீட்ல நிக்குதில்லீங்க, அதேதான். அச்சு அசலா அதே வண்டி"ன்னான். பேசுமான்னு கேட்டேன். "அருமையாப் பேசும் மேடம்"னான். வழவழன்னு ஒரு புக்கும் குடுத்தான். அதுலயும் போட்டிருந்துச்சு, தமிழ்க் கொரலு உண்டுன்னு. நான் அதுக்கு அடியில பென்சில்ல கோடு போட்டு வெச்சேன். பொண்ணு பாக்கப் போறவங்க நேர்ல பாக்காம போட்டோவைப் பாத்து முடிவு பண்ணுவாங்களா? நான் பண்ணிட்டேன் பாருங்க.

டெலிவரிக்கு வெள்ளிக்கிழமை காலைல வரச் சொல்லியிருந்தாங்க. பஸ்ஸுல போனேன். "கூட யாரு மேடம் வந்திருக்காங்க"ன்னு கேட்டான் குணசீலன். யாரும் இல்லைன்னேன். அவன் மொகம் ஒரு மாதிரி ஆயிருச்சு. ஏன்னா அங்க ஒரு வழக்கம் இருக்குதுங்க. வண்டி மேல செவப்புத் துணி போத்தியிருப்பாங்க, குடும்பத்தோட நின்னு அதை இழுக்கோணும், கேக் வெட்டோணும், அட்டைல செஞ்ச பெரிய சாவியைப் பிடிச்சுட்டு போட்டோ எடுக்கோணும். நான் ஒருத்தியா எப்படி அத்தாம்பெரிய சாவியைப் பிடிக்கறது? டீ குடுக்கற அம்மாவையும், கணக்கெழுதற புள்ளையையும் கூப்பிட்டு என்ற ரெண்டு பக்கமும் நிறுத்துனான். கை தட்டுனாங்க. அந்த போட்டோவைப் பெருசு பண்ணிக் குடுத்திருக்கறாங்க. ஹால்ல மாட்டியிருக்கறேன். வர்றவங்க எல்லாம், யாருங்க டீச்சர் இவுங்க, ஒறம்பரையா, சொந்தக்காரங்களான்னு கேப்பாங்க. வர்றவங்கன்னா, கேஸ் சிலிண்டர் போடறவரு கேட்டாரு.

அங்கதான் நான் தப்புப் பண்ணுனது. பத்தரைக்கு ராகு காலம் ஆரம்பிக்குது. கேக்கு, போட்டோன்னு இழுத்து இழுத்து நேரம் ஆயிருச்சு. குணசீலன் ஒரு கட்டு பேப்பரைக் கொண்டுவந்து, "மேடம், ராகு காலத்துக்கு முந்தி கையெழுத்துப் போட்டுருங்க, வண்டியை நல்ல நேரத்துல வெளிய எடுத்தர்லாம்"ங்கறான். பூசாரி எலுமிச்சம்பழத்தை நாலு சக்கரத்துக்கும் வெச்சுட்டு நிக்கறாரு. நான் போட்டுட்டேன். "வண்டியை முழுதும் சரிபார்த்துப் பெற்றுக்கொண்டேன்"னு அதுல எழுதியிருந்துச்சுன்னு பொறவுதான் தெரியும். முப்பது வருசம் கணக்கு டீச்சருங்க நான். விடைத்தாளைத் திருப்பிப் பாக்காமக் குடுத்துட்டு ஓடற பசங்களை வெளுத்து வாங்கியிருக்கறேன். கடைசில நானே அப்படிப் பண்ணிட்டேன்.

ஏறி உக்காந்து கதவை வேணும்னே பாதி சாத்துனேன். பேசும்னு காத்திருந்தேன்.

"ட்டிங்"னுச்சு.

அவ்வளவுதான். திருப்பியும் தொறந்து சாத்துனேன். ட்டிங். பெல்ட்டு போடாம இருந்து பாத்தேன். ட்டிங், ட்டிங். பள்ளிக்கூடத்து மணிகூட இதை விட நல்லா அடிக்கும். குணசீலனைக் கூப்பிட்டு, "என்னப்பா, இது பேசலை"ன்னேன். அவன் உள்ள தலையை விட்டு எதையோ அமுக்கிப் பாத்தான். அப்புறம் போன்ல யாருகூடவோ பேசுனான். திரும்பி வந்து, "மேடம், அது பழைய லாட்டுல இருந்துச்சு. இப்ப வர்றதுல கம்பெனிக்காரங்க அதை எடுத்துட்டாங்களாம். எங்களுக்கே இப்பத்தான் தெரியும். அதுக்குப் பதிலா மேல கண்ணாடி குடுத்திருக்காங்க பாருங்க, பட்டனை அமுக்குனா வானம் தெரியும்"ங்கறான்.

ஏனுங்க தம்பி, நீங்களே சொல்லுங்க. வானத்தைப் பாக்கறதுக்கு நான் எதுக்குக் காரு வாங்கோணும்? வாசல்ல நின்னு அண்ணாந்து பாத்தா ஆச்சு. நான் கேட்டது ஒன்னு, நீங்க குடுத்தது ஒன்னு. ஒரு வார்த்தை சொன்னீங்களா? சொல்லியிருந்தா, வேண்டாம், பழைய லாட்டுல ஒன்னு தேடிக் குடுங்கன்னு கேட்டிருப்பேன். வீட்டுக்கு வந்து அந்த வழவழ புக்கைப் பிரிச்சுப் பாத்தா, கடைசிப் பக்கத்துல, எறும்பு ஊர்ற மாதிரி எழுத்துல, "முன்னறிவிப்பின்றி மாற்றங்களுக்கு உட்பட்டது"ன்னு போட்டிருக்குது. அப்படின்னா எதை வேணும்னாலும் மாத்தலாமா? ஜூன் மாசம் ஒரு பாடத்தைச் சொல்லிக் குடுத்துட்டு, மார்ச் மாசம் வேற பாடத்துல கேள்வி கேட்டா நான் டீச்சரா? என்னைச் சும்மா விட்டிருப்பாங்களா?

இருக்கீங்களா தம்பி? ம்.

மொதல் ஒரு வாரம் நான் புகார் பண்ணலீங்க. ஒருவேளை ஓடி ஓடிப் பழகுனாப் பேசுமோன்னு ஒரு நெனப்பு. தெனமும் பொழுதோட ஒரு சுத்து, சென்னிமலை ரோட்ல போயிட்டு வருவேன். ட்டிங், ட்டிங்தான். வண்டில இருந்து எறங்கி வீட்டைத் தொறந்தா வீடும் அப்படியே கெடக்குது. ஒரு நாள் எனக்கு ரொம்ப வெசனமாப் போச்சு. ஸ்டியரிங்கைப் பிடிச்சுட்டு அழுதுட்டேன். உடனே போனை எடுத்து உங்க நம்பருக்கு அடிச்சு, நாலு வாங்கு வாங்குனேன். புகார் எடுத்துக்கிட்டோம், கூப்பிடுவோம்னாங்க.

அப்பத்தான் பெனிட்டா கூப்பிட்டுச்சு.

"வணக்கம், உங்கள் புகார் குறித்து அழைக்கிறேன்"னு ஆரம்பிச்சுச்சு. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. அச்சு அசலா சென்னியப்பன் வண்டிக்குள்ள இருந்த அதே திருத்தம். நான் திட்டறதுக்குன்னே காத்துக்கிட்டு இருந்தேன். ஆனா வாயில வந்தது, "சாப்டாச்சா கண்ணு?" அவ்வளவுதான். அப்புறம், "இல்லம்மா, ஷிப்டு முடிஞ்சுதான்"னுச்சு. மேடம்னு சொல்லலை, அம்மான்னுச்சு. மணி அப்ப மூணுக்கு மேல இருக்கும். மூணு மணி வரைக்கும் வயித்தைக் காயப்போட்டு வேலை வாங்கறீங்களே, உங்க கம்பெனிக்கு மனசாட்சி இருக்குதா? நீங்க சாப்டீங்களா? பொய் சொல்லாதீங்க.

தூத்துக்குடிப் பக்கமாம் அந்தப் புள்ளைக்கு. அப்பா கடலுக்குப் போறவரு. ஒரு தங்கச்சி நர்சிங் படிக்குது, இது சம்பாதிக்கறதுலதான் படிக்குது. மெட்ராஸ்ல ஆஸ்டல்ல இருக்குது. இதெல்லாம் ஒரே நாள்ல சொன்னதில்லீங்க. அது எப்படித் தெரியுமா, பேசறதெல்லாம் பதிவாகுமாம், சொந்தக்கதை பேசக்கூடாதாம். ஆனா கடைசில ஒன்னு கேக்கோணும்ல, "வேறு ஏதேனும் உதவி தேவைப்படுகிறதா"ன்னு. அது உங்க சட்டம். நானும் ஆமான்னு சொல்லீருவேன். உதவி கேட்டா செய்யோணும்ல. மோட்டார் போட்டா பியூஸ் போகுது, என்ன பண்ணறதும்பேன். கறிவேப்பிலைச் செடில வெள்ளையாப் பூச்சி அடிச்சிருக்குதும்பேன். சிரிச்சுக்கிட்டே, "அம்மா, அது எங்க பிரிவுல வராதும்மா"ன்னு சொல்லும். சொல்லீட்டு, எங்க வீட்ல அப்படி ஆனா அம்மா சாம்பலைத் தூவுவாங்கன்னும் சொல்லும். ஒரு தடவை அதுக்குச் சளி பிடிச்சிருந்துச்சு. கொள்ளு ரசம் எப்படி வெக்கறதுன்னு நான் சொன்னேன். ஆஸ்டல்ல எங்க வெக்கறதும்மான்னுச்சு. எனக்கு அன்னைக்குச் சோறு எறங்கலை.

இல்லீங்க, இதெல்லாம் புகாருக்குச் சம்பந்தம் உண்டு. ஏன்னா கம்பெனி எனக்கு என்னென்ன குடுக்க வந்துச்சு, நான் எதுக்கு வேண்டாம்னேன்னு நீங்க கேப்பீங்கல்ல. சொல்றேன். மொதல்ல சீட்டுக்குத் தோலு உறை தர்றோம்னாங்க. தோலு பேசுமா? வேண்டாம்னேன். அப்புறம் ஒரு வருசத்துக்கு சர்வீஸ் இலவசம்னாங்க. நான் என்ன பிச்சையா கேட்டேன்? அப்புறம் ஒரு நாள் பெனிட்டா சந்தோசமாக் கூப்பிட்டுச்சு. "அம்மா, பழைய லாட்டுல இருந்த அந்தக் கருவி ஒன்னு கெடைச்சிருச்சும்மா. ஒரே ஒரு நாள் வண்டியை விட்டாப் போதும், மாட்டிக் குடுத்துருவாங்க. உங்க வண்டி பேசும்மா"ன்னுச்சு. எனக்காக எங்கெங்கயோ கேட்டு வாங்கியிருக்குது பாவம்.

நல்லதுதாங்க. ஆனா அது ஆடி மாசம். ஆடில யாராவது புது வண்டில கை வெப்பாங்களா? அப்புறம் ஆவணி பொறந்துச்சு, எனக்குச் சந்திராஷ்டமம். அப்புறம் தேய்பிறை. "நீங்க கணக்கு டீச்சராச்சே, இதெல்லாம் நம்புவீங்களாம்மா"ன்னு அது கேட்டுச்சு. கணக்கு வேற, காலம் வேற கண்ணுன்னேன். "மாட்டுனாத்தாம்மா நான் இந்தப் புகாரை மூட முடியும், மேல இருந்து கேக்கறாங்க"ன்னுச்சு. மூடுனதுக்கப்புறம் நீ சும்மா விசாரிக்கறதுக்குக் கூப்பிடுவியான்னு கேட்டேன். "இல்லம்மா. மூடிட்டா அந்த நம்பர் எங்களுக்கு வராதும்மா"ன்னுச்சு. அப்ப வளர்பிறை வரட்டும், பாத்துக்கலாம்னு சொல்லீட்டேன்.

நல்ல காரியத்துக்கு நாள் பாக்கறது தப்புங்களா?

அதுதான் கடைசிங்க. அதுக்கப்புறம் பெனிட்டா கூப்பிடலை. நானும் போனுக்கு சார்ஜைப் போட்டுப் பக்கத்துலயே வெச்சிருக்கறேன். குளிக்கப் போனாலும் வாசல்ல ஸ்டூல் மேல வெச்சுட்டுத்தான் போறேன். நானாக் கூப்பிட்டா மெஷின்தான் வருது, ஒன்றை அழுத்தவும், இரண்டை அழுத்தவும்னு. அதுகிட்ட என்னத்தைச் சொல்றது? இன்னைக்கு நீங்க கூப்பிட்டீங்க. அடுப்புல பால் பொங்குதுன்னுகூடப் பாக்காம எடுத்தேன்.

என்னங்க? இந்த வாரத்துக்குள்ள வண்டியைக் கொண்டுபோய் விடலைன்னா புகார் தானா மூடிருமா? அதெப்படித் தானா மூடும்? நான் பாஸ் போடாம மூட முடியாதுல்ல. அதாங்க, நீங்க பேசி வெச்சதும் மெஷின் கேக்குமே, ஒன்னுல இருந்து அஞ்சு வரைக்கும் மார்க்குப் போடுன்னு. ஒரு தடவைகூட நான் ஒன்னுக்கு மேல போட்டதில்லீங்க. பெனிட்டா ஒவ்வொரு வாட்டி கூப்பிட்டப்பவும் மறக்காம ஒன்னுதான் அமுக்குனேன். நல்ல மார்க்குப் போட்டா திருப்தின்னு எழுதி மூடிருவீங்களே. வண்டி பெயில்னா பெயில்தான். அந்தக் கடைசித் தடவை பெனிட்டாவே சொல்லுச்சு, "அம்மா, இன்னைக்காவது கொஞ்சம் நல்ல மார்க்காப் போட்டு விடுங்கம்மா"ன்னு, மெதுவா, பக்கத்துல யாருக்கும் கேக்காத மாதிரி. எனக்குச் சுருக்குன்னு கோவம் வந்துருச்சு. பரீட்சை முடிஞ்சதும் வீட்டு வாசல்ல வந்து நிப்பாங்க பாருங்க மார்க்குக்கு, அந்த மாதிரி. கம்பெனிக்காகச் சிபாரிசு பண்றயே கண்ணுன்னு நெனச்சேன். ஒன்னுதான் அமுக்குனேன்.

என்னமோ சொல்ல வந்தீங்களே தம்பி?

சொல்லுங்க. பரவால்ல, பதிவானா ஆகட்டும், சொல்லுங்க.

காருக்கு இல்லீங்களா?

திருப்பிச் சொல்லுங்க. மெதுவா.

அந்த மார்க்கு காருக்கு இல்ல. பேசுன ஆளுக்கு. பெனிட்டாவுக்கு. ஒவ்வொரு ஒன்னும் அந்தப் புள்ளைக்குத்தான் போச்சு. சரி. சரிங்க. அப்ப லீவுல போகலை. நீங்க தெரியாதுன்னு சொன்னது எனக்காகச் சொன்னது. நிறுத்திட்டாங்க. ஒரே வாடிக்கையாளரு, ஒன்னு மேல ஒன்னாப் போட்டதுல வேலையை விட்டு நிறுத்திட்டாங்க. அந்த வாடிக்கையாளரு நான்.

ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அது. "அம்மா, அது எனக்குப் போடற மார்க்கும்மா"ன்னு. சொல்லக்கூடாதா? சொன்னா வேலை போகுமா? சொல்லாமலேயும் போச்சே தம்பி.

இருங்க, வெச்சுறாதீங்க. தண்ணி குடிச்சுட்டு வர்றேன். இருங்க.

இன்பராஜ் தம்பி, இதுக்கு ஒரு வழி இருக்கோணும். பத்தாவது படிக்கற புள்ளைக்கே மறுகூட்டல் இருக்குதுங்க. டீச்சர் தப்பாத் திருத்தியிருந்தா விடைத்தாளை வாங்கித் திருப்பித் திருத்தலாம். நான் திருத்தறேன். திருத்துனவளே தப்புன்னு சொல்றப்ப வேற என்ன வேணும்? எத்தனை தடவை பேசுச்சோ அத்தனைக்கும் அஞ்சு. முழுசா அஞ்சு. நான் என்ற காலத்துல யாருக்கும் நூத்துக்கு நூறு போட்டதில்ல தம்பி, எங்கயாவது ஒன்னு பிடிச்சுக் கொறைச்சுருவேன். இதுக்குப் போடறேன். போன்லயே அமுக்கறேன், அந்த மெஷினை லைன்ல விடுங்க.

முடியாதா. பழசைத் தொட முடியாது. இப்ப அமுக்குனா உங்களுக்குத்தான் போகும். உங்களுக்கும் போடறேன், அது வேற. அந்தப் புள்ளையோட நம்பரு இருக்குதுங்களா? குடுக்கக்கூடாது. ஆஸ்டல் பேராவது? தெரியாது. சரி. தப்பா நெனச்சுக்காதீங்க, உங்களைச் சத்தம் போடலை.

வேற என்னதான் முடியும் உங்களால? என்ற புகார்ல நான் சொல்றதை எழுத முடியுமா? அது முடியும். மேல இருக்கறவங்க அதைப் படிப்பாங்களா? படிக்கலாம். படிச்சா அந்தப் புள்ளையைத் திருப்பிக் கூப்பிடுவாங்களா? உறுதி சொல்ல முடியாது. சரிங்க, அனுப்பிப் பாக்கறேன்னாவது சொல்றீங்களே, அது போதும். எழுதுங்க.

"என் வண்டி பேசுகிறது." எழுதுங்க தம்பி. ஆமா, எனக்குத் தெரியும் பேசலைன்னு. எழுதுங்கங்கறேன். "கம்பெனி குடுத்தது சரியான வண்டி. எதையும் மாத்தலை. வாடிக்கையாளர்தான் சரியாகப் பார்க்காமல் புகார் செய்துவிட்டார்." ஆமாங்க, அப்படியேதான். "பொறுமையாகப் பேசி விளக்கியவர் பெனிட்டா. முழுத் திருப்தி." திருப்திக்கு முன்னால முழுன்னு போட்டீங்களா? போடுங்க.

கருவியா? வேண்டாங்க. அதை வேற யாருக்காவது மாட்டிக் குடுத்துருங்க. பேசற வண்டின்னு எழுதிக் குடுத்ததுக்கப்புறம் மாட்டுனா, மேல பாக்கறவங்க பொய்யின்னு கண்டுபிடிச்சுருவாங்க. அப்பறம் அந்தப் புள்ளைக்குத்தான் கெட்ட பேரு.

எழுதுனதை ஒரு தடவை படிச்சுக் காட்டுங்க.

ம்.

ம். நல்லாருக்குதுங்க. பெனிட்டாங்கற பேரை மேல கொண்டுபோய் மொத வரில போடுங்க. கடைசி வரைக்கும் யாரு படிக்கப் போறாங்க.

தெரியுங்க தம்பி. மூடிட்டா என்ற நம்பர் உங்களுக்கு வராது, இனி யாரும் கூப்பிட மாட்டீங்க. அந்தப் புள்ளை ஏற்கெனவே எனக்குச் சொல்லியிருக்குது. தெரிஞ்சுதான் சொல்றேன், மூடுங்க.